எழும்பும் பந்து

வலியசாலை, திருவனந்தபுரம்
22-6-1952

பிரியமுள்ள மதினிக்கு வடிவு எழுதுவது. இங்கே அப்பா, அம்மை, நான் மூன்று பேரும் சுகம். மழை விடாமல் பிடித்துக்கொண்டதால் துணி காய மாட்டேன் என்கிறது, அது ஒன்றுதான் குறை. அங்கே உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அண்ணன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டானா, இன்னும் கிராம்பைக் கடித்துக்கொண்டே ஆபீஸ் போகிறானா?

நீங்கள் எங்கள் வீட்டு மருமகளாகி ஒரு வருஷம் ஆகிறது. இதுவரை நான் உங்களுக்கு எழுதியதெல்லாம் அம்மை சொல்லச் சொல்ல எழுதியவை. இது நானாக எழுதுவது. அப்படியானால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று இதற்குள் ஊகித்திருப்பீர்கள்.

எங்கள் கல்லூரியில் ஸாஃப்ட்பால் டீம் இருக்கிறது. போன வருஷம் பெங்களூரிலிருந்து ஒரு கல்லூரிக்காரிகள் வந்து எங்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுக் கோப்பையோடு ரயில் ஏறினார்கள். வருகிற அக்டோபரில் மறுபடி வருகிறார்கள். இந்த வருஷம் பந்து எறிகிற பிட்சர் வேலையை ரத்னாபாய் டீச்சர் என்னிடம் கொடுத்திருக்கிறார். வேகமாக எறிவேன், நேராகவும் எறிவேன். ஆனால் நேராக வருகிற பந்தை அவர்கள் பேசிக்கொண்டே அடிப்பார்கள். அவர்களுடைய பிட்சர் ஒரு பந்து எறிந்தாள். முழங்கால் உயரத்துக்கு வருகிறது என்று நாங்கள் மட்டையை வீசினால், அது மார்புக்கு மேலே ஏறிப் போய்விடும். ரைஸ் பால் என்று பெயராம். டீச்சருக்குப் பெயர் தெரியும், எறியத் தெரியாது. நீங்கள் சைதாப்பேட்டையில் டிரில் டீச்சருக்குப் படித்தபோது ஓர் அமெரிக்கக்காரியிடம் இதைக் கற்றீர்கள் என்று அண்ணன் எங்களிடம் பீற்றிக்கொண்டிருக்கிறான். எனக்கு எழுதிக் காட்ட முடியுமா?

எனக்கு இது கடைசி வருஷம். இதற்கப்புறம் எந்த மைதானம், எந்தப் பந்து? நாகர்கோவிலுக்கு எழுதும்போது உங்கள் அம்மையையும் மற்றவர்களையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். மற்றவர்கள் என்றால் மற்றவர்கள்தான். சிரிக்க வேண்டாம்.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரைக் கண்காணித்திருக்கும்,
வடிவாம்பாள்


மயிலாப்பூர், சென்னை
2-7-1952

அருமை வடிவுக்கு உலகம்மை எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். உன் அண்ணனின் பல் அப்படியே இருக்கிறது. வைத்தியரைப் பார்த்ததும் வலி போய்விட்டதாம். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

'மற்றவர்கள்' விஷயத்துக்கு முதலில் வருகிறேன். உங்கள் வீட்டிலிருந்து உன் ஜாதகம் போயிருப்பதாக அம்மை எழுதியிருக்கிறாள். பெண்ணைக் கொடுத்த வீட்டிலேயே பெண் எடுப்பதா என்று அவளுக்கு ஒரு யோசனை. என் அண்ணன் கோமதிநாயகத்துக்கு யோசனையே கிடையாது, எங்கள் கல்யாணத்தில் உன்னைப் பார்த்ததிலிருந்து சம்மதம்தான். ஆனால் அப்பா போனபின் வயலையும் வீட்டையும் ஒற்றையாளாக நடத்துகிறவள் அம்மை. மாடு வாங்கினாலும் தானே போய்ப் பார்த்துத்தான் வாங்குவாள். கோபித்துக்கொள்ளாதே, நான் மாட்டைத்தான் சொன்னேன்.

இனி பந்து. அது உண்மையில் மேலே ஏறுவதில்லை. கீழிருந்து மேல்நோக்கிச் சுழன்றுகொண்டே போவதால், விழவேண்டிய அளவு விழாமல் போகிறது. அடிக்கிறவளின் கண் ஏமாறுகிறது, அவ்வளவுதான். ஆள்காட்டி விரலை மடக்கி நுனியைத் தையலில் ஊன்று. நடுவிரல் தையலோடு படுத்திருக்கட்டும். கையைத் தலைக்கு மேல் ஒரு முழுச் சக்கரம் சுற்றிக் கொண்டுவா. இடது காலை நன்றாக எட்டி வை. உடம்பு முன்னால் சாயக்கூடாது. கை இடுப்பைத் தாண்டும்போது உள்ளங்கை பந்துக்கு அடியில் இருக்கவேண்டும். அந்த நொடியில், திருகு மூடி பாட்டிலை இறுக்கி மூடுவாயே, அதே மாதிரி மணிக்கட்டைத் திருகு. உயிரே அந்தத் திருகலில்தான் இருக்கிறது. வேகம் குறைந்தால் அந்தப் பந்து அடிக்கிறவளுக்கு இலை போட்டுப் பரிமாறினது மாதிரி.

பந்தைச் சுற்றி மையால் ஒரு கோடு போட்டுக்கொள். கோடு நடுங்காமல் போனால் சரியாக எறிகிறாய். பம்பரம் சாகப்போகிற மாதிரி தள்ளாடினால் தப்பு. செய்துவிட்டு எழுது. அத்தை மாமாவுக்கு என் வணக்கம்.

உன் மேல் நம்பிக்கையுள்ள மதினி,
உலகம்மை


வலியசாலை
7-7-1952

அண்ணனுக்கு வடிவு. வேண்டுமென்றேதான் உன் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. வீட்டுக்குக் கொண்டுபோகாதே, உன் சட்டைப் பையை மதினிதான் துவைக்குமுன் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும்.

நான் பந்து எறிவது இடது கையால். சின்ன வயசில் அம்மை என் இடது கையில் துணியைச் சுற்றிக் கட்டிவைத்துச் சோறு தின்ன வைத்தாளே, அதெல்லாம் சோற்றுக்கும் பேனாவுக்கும்தான் பலித்தது. போன வருஷம் மைதானத்தில் ஒரு பந்து என் பக்கம் உருண்டு வந்தது. எடுத்து எறிந்தேன். எறிந்த பிறகுதான் எந்தக் கை என்று பார்த்தேன். டீச்சருக்கு ஒரே சந்தோஷம், இடது கைப் பிட்சர் கிடைப்பது அபூர்வமாம். வீட்டில் மைதானத்துக்குப் போவது தெரியும், கை தெரியாது.

மதினியிடம் எப்படிச் சொல்வேன்? அவள் அம்மைதான் என் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். திருநெல்வேலிக்காரர்கள் பெண் பார்க்க வந்தது உனக்கு மறந்திருக்காது. பதற்றத்தில் பலகாரத் தட்டை இடது கையால் நீட்டிவிட்டேன். விளக்கேற்ற வேண்டிய வீட்டுக்கு இந்தக் கையா என்று காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அம்மை எத்தனை நாள் தெருவில் தலை காட்டாமல் இருந்தாள். இந்தச் சம்பந்தமும் அப்படிப் போனால் அவள் தாங்கமாட்டாள். நானும் தாங்கமாட்டேன், உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம். எனக்குக் கோமதி அத்தானைப் பிடித்திருக்கிறது. பந்தையும் பிடித்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துவிடாமல் அக்டோபர் வரை தள்ளவேண்டும். நீ வாயைத் திறக்காதே.

பல்லைப் பார்த்துக்கொள்.
வடிவு


சென்னை
12-7-1952

வடிவுக்கு அழகியநம்பி ஆசீர்வாதம். நலம். நலமறிய அவா.

கடிதத்தைக் கிழித்து இரண்டு இடத்தில் போட்டேன். ஆபீஸில் பக்கத்து ஸீட்காரன் காதல் கடிதமா என்று கேட்டான்.

நான் எதுவும் சொல்லமாட்டேன். உலகம்மை கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது. ஆகையால் அவள் கேட்காதபடி நடந்துகொள். மாமியார் குணம் எனக்கும் முழுக்கத் தெரியாது. இன்றைக்கும் அவர் எதிரே நான் காலை மடக்கித்தான் உட்காருகிறேன். வலது கையால் எறிந்து பழகிக்கொண்டால் என்ன?

அழகியநம்பி


வலியசாலை
21-7-1952

அன்பு மதினிக்கு வடிவு. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மைக்கு லேசாக ஜலதோஷம். உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உங்களைப் பாடாய்ப்படுத்துகிறார்களா, நீங்கள் அவர்களையா?

நீங்கள் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்கிறேன். விரலை ஊன்றுகிறேன், சுற்றுகிறேன், இடுப்பைத் தாண்டும்போது மூடியை இறுக்குகிறேன். பந்து எழும்புவதை விடுங்கள், தலைகுப்புற மண்ணில் விழுகிறது. அதுவும் நேராக விழாமல் வெளிப்பக்கமாக ஓடிப்போய் விழுகிறது. கோடு தள்ளாடவில்லை, கோட்டையே காணோம். எங்கள் கேச்சர் ஏலியாம்மா கோட்டயத்துக்காரி, ஹாஸ்டலில் இருக்கிறாள், இந்த ஊரில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. என் பந்தைப் பிடிக்கப் போய் அவள் முழங்காலில் தோல் இல்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கிறேன் என்றேன். ஏலியாம்மா கும்பிட்டாள்.

எங்கே தப்பு? நீங்கள் எறிந்தபோது இப்படி ஆனதுண்டா? சீக்கிரம் எழுதுங்கள், எனக்கு ராத்திரி கனவில்கூடப் பந்து விழுகிறது.

தவிப்புடன்,
வடிவு


மயிலாப்பூர்
14-8-1952

அருமை வடிவுக்கு உலகம்மை. நலம். சுதந்திர தினத்துக்குப் பிள்ளைகளுக்கு அணிவகுப்பு சொல்லிக்கொடுத்ததில் தொண்டை போய்விட்டது. பதில் தாமதமானதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு சமையலறையில் கடுகு பாட்டிலைத் திருகித் திருகிப் பார்த்தேன். கடுகு முழுக்கத் தரையில். உன் அண்ணன் என்ன செய்கிறாய் என்றார், பெருக்குகிறேன் என்றேன்.

நான்தான் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். இப்படித் திருத்திக்கொள். எட்டி வைக்கவேண்டியது வலது கால். மூடியை இறுக்குவது போல அல்ல, திறப்பது போலத் திருகு. வேறு எதையும் மாற்றாதே. இதைப் பற்றி யாரையும் கேட்டுக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

அம்மைக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடு.

உலகம்மை


வலியசாலை
19-8-1952

அண்ணா, நீதானே சொன்னாய்? உண்மையைச் சொல்.

மதினி வலது காலை எட்டி வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறாள். மூடியைத் திறக்கிற மாதிரித் திருகச் சொல்லியிருக்கிறாள். நான் பாட்டிலை எடுத்து இரண்டு கையாலும் மாறி மாறிச் செய்து பார்த்தேன். வலது கைக்காரி இறுக்குவதும் இடது கைக்காரி திறப்பதும்தான் ஒரே திருகல். நான் முட்டாள் மாதிரி இடது கையால் இறுக்கிக்கொண்டிருந்தேன், அதுதான் பந்து மண்ணைத் தின்றது. அவள் எழுதியிருப்பது இடது கைக்காரிக்கான பாடம். தன் தப்பு என்று சாக்குச் சொல்லியிருக்கிறாள். தெரிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன்.

இன்று சாயங்காலம் திறப்பது போலத் திருகி எறிந்தேன். பந்து ஏலியாம்மாவின் தலைக்கு மேல் போய் மதிலில் அடித்தது. அவள் என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினாள். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மதினி நாகர்கோவிலுக்கு எழுதிவிட்டாளா? அதை மட்டும் எப்படியாவது தெரிந்து சொல்.

வடிவு


சென்னை
26-8-1952

வடிவுக்கு ஆசீர்வாதம். பிள்ளையார் மேல் ஆணையாக நான் சொல்லவில்லை. உலகம்மை என்னை ஒன்றும் கேட்கவும் இல்லை. போன மாசம் அவள் நாகர்கோவிலுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான் தபாலில் சேர்த்தேன். ஒட்டியிருந்தது. வழக்கமாக ஒட்டுமுன் என்னிடம் காட்டுவாள், இந்தத் தடவை காட்டவில்லை. இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். பல்லைப் பிடுங்கிவிட்டேன்.

அழகியநம்பி


வலியசாலை
29-9-1952

மதிப்புக்குரிய மதினிக்கு வடிவு. இங்கே நலம். அங்கும் அப்படியே இருக்கவேண்டும்.

இதற்கு முன் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தோடு பந்தையும் வைத்தேன், அம்மை முறைத்தாள். நீங்கள் திருத்தி எழுதியபடி செய்ததில் பந்து எழும்புகிறது. பத்துக்கு எட்டு எழும்புகிறது. இதை உங்களுக்குத்தான் முதலில் சொல்ல ஆசைப்பட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து எங்களுக்கும் ஒரு சேதியும் இல்லை. அப்பா தினமும் வாசலைப் பார்க்கிறார். நான் எழுதியதில், கேட்டதில் ஏதாவது தப்பாகப் பட்டிருந்தால் மன்னிக்கவேண்டும். நாத்தனார் என்று பாராமல் உங்கள் தங்கை என்று நினைத்து இரண்டு வரி எழுதுங்கள். மாட்ச் அக்டோபர் 25, சனிக்கிழமை. அதற்கு முன் எழுதுங்கள்.

உங்கள் கோபத்துக்கு ஆளாகாதிருக்க விரும்பும்,
வடிவு


மயிலாப்பூர்
20-10-1952

வடிவு, நலம். கார்டுதான் இருந்தது. கோபம் ஒன்றும் இல்லை, அதைப் போய் நினைப்பாயா? எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை எப்போதும் எறிகிறபடியே எறி. கேச்சரின் கையுறையைத் தவிர வேறு எங்கும் பார்க்காதே. யார் வந்தார்கள், யார் உட்கார்ந்தார்கள் என்று தலையைத் திருப்பாதே. இதை மட்டும் எனக்காகச் செய்.

உலகம்மை


வலியசாலை
26-10-1952

அண்ணா, தோற்றுவிட்டோம். தோற்றது நான்தான்.

பாதி ஆட்டம்வரை பெங்களூர்க்காரிகள் என் பந்தைத் தொடவில்லை. மட்டையை வீசுவார்கள், பந்து மட்டைக்கு மேலே போய் ஏலியாம்மாவின் கையில் டப்பென்று விழும். நாங்கள் முன்னால் இருந்தோம். அடுத்த முறை எறியப் போகும்போது மைதானத்து வாசலில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே பழவங்காடி திரவியம் மாமா. பக்கத்தில் மதினியின் அம்மை, பிச்சம்மாள் அத்தை. பத்மநாபசுவாமி கோவில் அல்பசி உற்சவத்துக்கு வந்து, தன் தம்பியான அந்த மாமா வீட்டில் தங்கியிருக்கிறாளாம், எங்களுக்குச் சொல்லவே இல்லை. நேரே நடந்து வந்து ரத்னாபாய் டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் என்னையே பார்த்தாள்.

என் கண்முன்னே அந்தப் பலகாரத் தட்டுதான் வந்தது. பந்தை வலது கைக்கு மாற்றிவிட்டேன்.

அதற்கப்புறம் என்னத்தைச் சொல்ல. வலது கையால் பந்து ஏலியாம்மா வரைக்கும் போய்ச் சேருவதே பெரிய பாடு. நாலு பந்து வெளியே போனால் அடிக்கிறவள் சும்மா நடந்து போகலாம். வரிசையாக நடந்து போனார்கள். டீச்சர் ஓடி வந்து, என்ன, இடது கையில் அடிபட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு பிட்சர் இல்லை. கடைசியில் ஒருத்தி அடித்த அடியில் பந்து தென்னை மரத்தைத் தாண்டிப் போயிற்று. கோப்பையும் அதோடு போயிற்று. அத்தை குடையை விரித்துக்கொண்டு போனாள்.

கேள், இதைவிட மோசம். டீமில் எல்லோரும் எனக்காக அழுகிறார்கள். அடிபட்ட கையோடு வலது கையாலாவது எறிந்தாளே என்கிறார்கள். ஏலியாம்மா ஹாஸ்டலிலிருந்து, அவர்கள் குழம்பு என்று சொல்கிற மருந்தெண்ணெயை எடுத்து வந்து என் இடது கையைத் தடவித் தடவி, துணி சுற்றிக் கட்டிவிட்டாள். அந்தக் கையில் ஒரு நோவும் இல்லை. நான் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதினியிடம் கை பிசகியது என்று மட்டும் சொல். சம்பந்தமாவது தப்பியிருக்கும்.

வடிவு


மயிலாப்பூர்
29-10-1952

வடிவு, நாங்கள் நலம். நீ நலமாயிருக்க மாட்டாய். இதை உட்கார்ந்து படி.

நீ இடது கைக்காரி என்பது ஜூலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கடுகு பாட்டில் சொன்னது, உன் அண்ணன் இல்லை, அவரைத் திட்டாதே. அன்றைக்கே அம்மைக்கு எழுதினேன். பின்னால் ஒருநாள் யாராவது கண்டுபிடித்து, மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று சொல்லக்கூடாது, சொல்வது நானாகவே இருக்கட்டும் என்று எழுதினேன். அம்மை வெகுநாள் பதில் போடவில்லை. அந்த நாட்களில்தான் உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. என்ன எழுதுவேன்? பிறகு அவள் பதில் வந்தது. 'நம்ம வயலில் முதல் ஆளா அறுக்கிறவ இடங்கைக்காரிதான். அவ அரிவாளுக்கு இன்னொருத்தி ஈடு கிடையாது. பிள்ளை அந்தக் கையாலே என்ன செய்யுகான்னு நான் போய்ப் பார்க்கணும். பார்த்துட்டு முடிவு சொல்லுகேன்' என்று எழுதச் சொல்லியிருந்தாள்.

அம்மை வந்தது உன் இடது கையைப் பார்க்கத்தான், வடிவு. அவள் வருவதைச் சொன்னால் நீ பதறுவாய், பந்து எழும்பாது என்று நினைத்து உன்னிடம் மறைத்தேன். அதுதான் நான் செய்த பிசகு. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

இன்று அவளிடமிருந்து கார்டு வந்திருக்கிறது. 'பிள்ளை எல்லாரையும் போல வலது கையாலேதான் எறிஞ்சா. நீ எதுக்கு எனக்கு இல்லாததை எழுதினே? இல்லை, அவ என்னைப் பார்த்து மறைச்சாளா? கை எதுன்னாலும் எனக்கு ஒண்ணுமில்லை. ஒளிக்கிற பிள்ளை நமக்கு ஒத்துவராது' என்கிறாள். அங்கேயே மூக்குக்கண்ணாடிக்குக் கொடுத்திருக்கிறாள், அது வந்ததும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஊருக்குப் போகிறாள். போனதும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று எழுதிவிடுவாள்.

நான் இங்கிருந்து என்ன எழுதினாலும் அவள் நம்பமாட்டாள். தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உன் கையில் கிடைக்கும். சனிக்கிழமை உனக்கு இருக்கிறது.

உன் உலகம்மை


வலியசாலை
2-11-1952

மதினி, அம்மைக்கும் அப்பாவுக்கும் சுகம். என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். உங்கள் மேல் கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது. பிறகு, நானும்தானே உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அது தணிந்துவிட்டது. நேற்றுக் காலை பந்தை எடுத்துக்கொண்டு பழவங்காடிக்குப் போனேன். போகிற வழியில் ஹாஸ்டலுக்குப் போய் ஏலியாம்மாவைக் கூப்பிட்டேன். எனக்கு ஒரு சம்பந்தம் பேசுகிறார்கள், அவர்கள் வீட்டு அம்மாவுக்குப் பந்து எறிந்து காட்டவேண்டும், நீ இல்லாமல் என் பந்தைப் பிடிக்க ஆள் இல்லை என்றேன். கை வலிக்காதா என்று கேட்டாள். குறைந்துவிட்டது என்று சொல்லித் துணியை அவிழ்த்தேன். அவள்தான் அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

திரவியம் மாமா வீட்டுப் பின்முற்றத்தில் அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினாள். ஏலியாம்மா கிணற்றுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். நான் இந்தக் கோடியில் நின்று இடது கையால் எறிந்தேன். முதல் பந்து மண்ணில் விழுந்தது. இரண்டாவது எழும்பிற்று. அதற்கப்புறம் நான் எண்ணவில்லை, எறிந்துகொண்டே இருந்தேன். ஒவ்வொன்றும் ஏலியாம்மாவின் முழங்காலுக்குப் போகிற மாதிரிப் போய் அவள் கழுத்துக்கு ஏறியது. மாமா வீட்டுப் பெண்களெல்லாம் வாசல்படியில் வந்து நின்றார்கள். அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஏலியாம்மாவுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மக்களே, இந்தப் பந்த ஏன் அண்ணைக்கு எறியல்ல?" என்று கேட்டாள்.

ஒளிக்கிற பிள்ளை ஒத்துவராது என்று நீங்கள் எழுதியது என் மனசில் இருந்தது. "இந்தக் கையை நீங்க பாத்துரப்படாதுன்னுதான் அத்தை. வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

அத்தை என் தலையில் கை வைத்தாள். சொல்லிவிட்டேன் என்று எனக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியில் ஏலியாம்மா அங்கே இருப்பதை மறந்தே போனேன். அவள் கிணற்றடியிலிருந்து எழுந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும்.

"அப்போ நின்டெ கைக்கு ஒண்ணும் பற்றியில்ல, அல்லே?" என்று கேட்டாள். சத்தமே போடவில்லை.

கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவள் கையுறையைக் கழற்றிக் கிணற்றுச் சுவர் மேல் வைத்தாள். பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து அதன் மேல் வைத்தாள். அத்தைக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் தெருமுனைவரை ஓடினேன், அவள் திரும்பவில்லை.

அத்தை இன்று காலை எங்கள் வீட்டுக்கு வந்து, தை மாசம் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். இடது கை விஷயம் தெரிந்தே சொல்கிறாள் என்றதும் அம்மை அடுக்களைக்குள் போய் அழுதாள். இப்போது தெருவெல்லாம் சேதி சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்பா அண்ணனுக்குத் தந்தி அடிக்கப் போயிருக்கிறார். இந்த வீட்டில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை, மதினி. எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் பொய்.

அத்தை போனபின் ஹாஸ்டல் வாசலில் போய் மத்தியானம்வரை நின்றேன். ஏலியாம்மா மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. நாளைக்கும் போவேன்.

உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
வடிவு